சில்லர் ஓடிய கம்ப்யூட்டரில் நீர் கோத்தது ஏன்?

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன். வீடியோ எடிட்டிங் செய்யும் கம்ப்யூட்டருக்கு மீன் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் ஒன்றை இணைத்து, தண்ணீரை 15 டிகிரியில் வைத்திருக்கிறேன். ஒரு மாதம் பிரச்சினை இல்லை. போன வாரம் ஒரு நாள் இரவு ஏசியையும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் குழாய் முழுக்க நீர்த்துளிகள். பிராசஸர் மேலிருக்கும், குளிர்ந்த நீர் ஓடும் உலோக பிளாக்கின் அடியிலும் ஈரம். பயத்தில் இன்னும் ஆன் செய்யவில்லை. இது எப்படி நடந்தது? இனி வராமல் தடுப்பது எப்படி?

பதில்: ஆன் செய்யாமல் இருந்தது நல்ல காரியம். ஈரத்தோடு மின்சாரம் சேரும்போதுதான் மதர்போர்டு கெடுகிறது. காற்றிலிருந்து படியும் நீர் கிட்டத்தட்ட தூய நீர்தான், அதில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. ஆனால் போர்டில் கிடக்கும் தூசியும் உப்பும் அதில் கரைந்துவிட்டால் கதை வேறு. உங்கள் ஊர்க் கடற்காற்றில் உப்புக்குப் பஞ்சமில்லை. அந்த நீரில் மின்னழுத்தம் இருந்தால் உலோகம் அரித்து, சிப்பின் ஒரு உலோகக் காலிலிருந்து அடுத்த காலுக்கு மெல்ல நகர்ந்து படியும். அதனால்தான் சில போர்டுகள் நனைந்த அன்று நன்றாக ஓடிவிட்டு, பல வாரங்கள் கழித்துப் படுத்துக்கொள்கின்றன.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரியையும் கழற்றுங்கள். பிளாக்கை எடுத்து, ஈரம் பட்ட இடங்களை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு சுத்தம் செய்யுங்கள். பிராசஸரைத் தூக்கி, அது உட்காரும் சாக்கெட்டின் ஊசிகளை டார்ச் அடித்துப் பாருங்கள். துணியோ பிரஷோ அந்த ஊசிகள் மேல் படவே கூடாது. பச்சையாகவோ வெள்ளையாகவோ எதுவும் பூத்திருக்காவிட்டால், சாதாரண மின்விசிறிக் காற்றில் 2 நாள் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம்.

சரி, ஒரு மாதம் இல்லாதது அன்று மட்டும் எப்படி வந்தது? ஒரு பரப்பு எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் காற்றின் ஈரம் அதன் மேல் நீராகப் படியுமோ, அதுதான் பனிநிலை. அறையின் வெப்பத்தை மட்டும் பார்த்தால் இதைச் சொல்ல முடியாது, ஈரப்பதமும் தெரிய வேண்டும். ஏசி ஓடும்போது அறை 25 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வையுங்கள். பனிநிலை சுமார் 14. உங்கள் தண்ணீர் 15. ஒரே ஒரு டிகிரி இடைவெளியில் ஒரு மாதம் தப்பித்திருக்கிறீர்கள். ஏசியை அணைத்த பிறகு வெளிக்காற்று உள்ளே வந்து, 30 டிகிரி, 80 சதவீதம் என்று ஆகியிருந்தால் பனிநிலை 26-க்கு ஏறியிருக்கும். சில்லருக்குத் தனி பிளக் என்பதால் அது மட்டும் விடிய விடிய 15-லேயே ஓடியிருக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை மேஜையில் வைத்ததுபோலத்தான்.

கணக்கு சுலபம். ஈரப்பதத்தை 100-இலிருந்து கழித்து, வருவதை 5-ஆல் வகுத்து, அதை அறை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 32 டிகிரி, 70 சதவீதம் என்றால் 32-இலிருந்து 6 போக 26. ஈரப்பதம் 50-க்கு மேல் இருக்கும்வரை இது ஏறக்குறைய சரியாக வரும். டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கி கேபினெட் அருகில் வையுங்கள், சூடான காற்று வெளியேறும் பக்கம் வேண்டாம். விலை குறைந்த கருவிகள் 5 சதவீதம் வரை பிசகும். அது பனிநிலைக் கணக்கில் 1 டிகிரி. ஆகவே பனிநிலைக்கு மேலே 3 டிகிரியாவது விட்டுத் தண்ணீரை வையுங்கள். ஏசி அறையில் 18 போதும். ஏசி இல்லாமல் கடலோரத்தில் இதே கணக்கைப் போட்டால் 29 வரும். அதற்கு ஒரு சில்லர் தேவையே இல்லை.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சாஃப்ட்வேரில் பிராசஸர் 50 டிகிரி என்று காட்டும்போது எப்படி நீர் கோக்கும் என்று நினைப்பார்கள். அது சிலிக்கானின் சூடு. பிளாக்கின் ஓரமும் இணைப்புகளும் குழாயும் தண்ணீரின் குளிரில்தான் இருக்கும்.

அணைக்கும் வரிசையையும் மாற்றுங்கள். முதலில் சில்லர். பம்ப் ஓடட்டும், கம்ப்யூட்டருக்கு ஏதாவது ரெண்டர் வேலை கொடுங்கள். அந்தச் சூட்டிலேயே தண்ணீர் அறை வெப்பத்துக்கு வந்துவிடும். அப்புறம் கம்ப்யூட்டர், கடைசியில் ஏசி. மின்தடைக்குப் பிறகு சில்லர் தானாக ஓடத் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். ஏசி வராமல் சில்லர் மட்டும் வந்தால் அன்றைய இரவுதான் திரும்பவும்.

பனிநிலைக்குக் கீழே போயே ஆக வேண்டும் என்றால், குளிர்ந்த பரப்பைக் காற்று தொடவே கூடாது. ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்குப் போடும் கறுப்பு நுரை ரப்பரைக் குழாய்க்கும் பிளாக்கைச் சுற்றியும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். போர்டின் பின்பக்கம், சாக்கெட்டுக்கு நேர் கீழும் குளிரும். அதை மறந்துவிடுகிறார்கள். சாக்கெட்டைச் சுற்றி மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவ வேண்டும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் ஊற்றி, பிராசஸரை அதன் வரம்பைத் தாண்டி வேகமாக ஓட்டும் ஓவர்கிளாக்கிங் போட்டிக்கு நிற்பவர்கள் வாசலினும், ஓவியர்கள் பிசைந்து பயன்படுத்தும் ரப்பரும் வைத்துத்தான் போர்டைக் காக்கிறார்கள். ஆனால் அது சில மணி நேர வேலை, முடிந்ததும் பிரித்துக் காயவைத்துவிடுவார்கள். தினமும் வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். நுரைக்குள் ஒரு சிறு இடுக்கு இருந்தாலும் ஈரம் உள்ளே போய்த் தங்கும், வெளியே தெரியவும் தெரியாது. அப்படியும் செய்தால், முதல் வாரம் முடிந்ததும் நுரையை ஓர் ஓரத்தில் உரித்து, உட்புறத்தில் டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்கள். நனைந்தால் முழுவதையும் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும்.