வட்டி கட்டும் மணிமண்டபம்

கேள்வி: அமெரிக்காவில் மாநில அரசுகள் கடன் பத்திரம் விற்றுப் பாலம், குடிநீர், நினைவுச் சின்னம் எல்லாம் கட்டுகின்றனவாம். நம் அரசும் அப்படிப் பத்திரம் போட்டு, எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடையும் ஒரு மணிமண்டபமும் கட்டித் தந்தால் என்ன?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பத்திரம் போடாமலா இருக்கிறார்கள்? தமிழ்நாடு அரசுக்காக ரிசர்வ் வங்கி ஏலம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதியில் போய் விழும். ‘இது பாளையங்கோட்டைச் சாக்கடைக்கு’ என்று அதில் எழுதியிருக்காது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று சட்டத்திலேயே குறிக்க வேண்டும்; இரு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஓட்டும் வேண்டும்.

இங்கே பெயர் போட்ட கடன் வேண்டுமானால் மாநகராட்சிப் பத்திரம்தான் வழி. மதுரை 2001-ல் உள்வட்டச் சாலைக்காக 30 கோடி திரட்டியது. திருப்பிக் கொடுக்க அந்தச் சாலையின் சுங்க வசூல் இருந்தது. சென்னை 2025-ல் 200 கோடி திரட்டியது. சரி, சாக்கடைக்கும் வீட்டுக்கு வீடு கட்டணம் வரும். கடன் வாங்கலாம்.

மணிமண்டபத்துக்கு? 10 கோடி, 7 சதவீத வட்டி என்று வையுங்கள். வருஷத்துக்கு 70 லட்சம். பத்து வருஷத்தில் 7 கோடி வட்டி போயிருக்கும். அசல் 10 கோடி அப்படியே நிற்கும். வரவு என்ன? போன மாதம் நம் பக்கத்து மணிமண்டபம் ஒன்றுக்குப் போனேன். கேட்டில் பூட்டு. சாவி வைத்திருப்பவர் டீக்கடையில் இருந்தார். உள்ளே, போன பிறந்தநாளுக்குப் போட்ட மாலை நார் மட்டும் மிஞ்சிச் சிலையின் கழுத்தில் தொங்கியது. நம்மைத் தவிர ஆளே இல்லை, வௌவால்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

ஜங்ஷனுக்குப் போக நீங்கள் தாண்டும் சுலோசன முதலியார் பாலம், 1843-ல் அவர் கைப்பணத்தில் கட்டியது. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தவர்! எட்டயபுரம் பாரதி மணிமண்டபமோ, எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒரு வார இதழ் கேட்டதற்கு ஜனங்கள் தந்த நன்கொடையில் எழும்பி 1947-ல் திறக்கப்பட்டது. இரண்டுக்கும் பத்திரம் இல்லை, ஏலம் இல்லை.

ஆகவே சாக்கடைக்கு மாநகராட்சியிடம் மனுக் கொடுங்கள். மண்டபத்துக்கு ஒரு கமிட்டி போட்டு ரசீதுப் புத்தகம் அடியுங்கள். முதல் ரசீதை என் பெயருக்கு 500 ரூபாய் என்று எழுதுங்கள். அப்புறம் உங்கள் பெயருக்கு எவ்வளவு என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.