பதில்: கூர்ப்புப் பாடத்துக்குப் பெற்றோர் எதிர்ப்பு

ரீச்சர், முல்லைத்தீவில் உயர்தர உயிரியல் வகுப்பில் கூர்ப்பை (பரிணாமத்தை) தொடங்கியதும், கிறிஸ்தவ சபைக்குப் போகும் பெற்றோர் சிலர் வந்து "எங்கட பிள்ளைக்கு இது வேண்டாம்" என்றதாக எழுதியிருந்தீர்கள். பாடத்தை விட்டுவிடாதீர்கள். பரீட்சை மண்டபத்தில் விடை எழுதப்போவது அந்தப் பிள்ளைதான்.

ஆனால் குரங்கில் தொடங்க வேண்டாம், நுளம்பில் தொடங்குங்கள். மலேரியாவில் நடுங்கிய கதை வன்னியில் எந்த அம்மம்மாவிடமும் இருக்கும். சுவருக்கு டிடிரி என்ற நுளம்பு மருந்து அடித்ததைக் கேட்டுவரச் சொல்லுங்கள். 1963இல் இலங்கை முழுவதற்கும் 17 மலேரியா நோயாளர்தான். தெளிப்பைக் குறைத்தார்கள், சில வருடங்களில் இலட்சக்கணக்கானோர் படுத்தார்கள். அப்புறம் டிடிரிக்குச் சாகாத நுளம்புகள் பெருகி, 1970களில் மலத்தியன் என்ற வேறு மருந்துக்கு மாறவேண்டி வந்தது. மருந்து எந்த நுளம்புக்கும் பலம் கொடுக்கவில்லை. முன்பே தாங்கக்கூடியதாக இருந்த சில தப்பி முட்டையிட்டன, மற்றவை செத்தன. இயற்கைத் தேர்வு என்பது இதுதான். இது விளங்கினால் மனிதனும் குரங்கும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை என்ற இடத்துக்குப் பிள்ளைகள் பதறாமல் வருவார்கள்.

பெற்றோரிடம், "நம்பச் சொல்லவில்லை, விளங்கிக்கொள்ளட்டும்" என்று நேராகச் சொல்லுங்கள். கத்தோலிக்கக் குடும்பம் என்றால், கூர்ப்பு வெறும் கருதுகோள் அல்ல என்று 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரே சொன்னதை எடுத்துக்காட்டலாம். பாப்பரசரை ஏற்காத சபைக்காரரிடம் அது எடுபடாது.

வகுப்பில் அந்தப் பிள்ளையின் விசுவாசத்தை யாராவது கேலி செய்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெற்றோர் திரும்பவும் வருமுன் அதிபரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.