மைனஸ் 150 என்றால் கடன் பாக்கியா?

கேள்வி: நியூஜெர்சியில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். பேஸ்பால் பார்க்கும்போதெல்லாம் போனில் பந்தயம் கட்டுகிறான். "மைனஸ் 150", "ப்ளஸ் 130" என்கிறான். கேட்டால், "ஒரு ஆட்டத்துக்கு ஒரு யூனிட்தாம்மா, பத்தில் ஆறு ஜெயிச்சிட்டேன்" என்று சிரிக்கிறான். லாபமா, நஷ்டமா? போலீஸ் பிடிக்காதா?
‍- ஒரு வாசகி, திருச்சி

பதில்: போலீஸ் பயம் வேண்டாம் அம்மா. மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கூடாது என்றிருந்த 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தை, 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அந்த வழக்கை ஜெயித்ததே நியூஜெர்சிதான்.

இனி கணக்கு. வங்கியில் முப்பது வருஷம் வட்டி போட்ட நானே, அக்கா மகன் வீட்டு டிவியில் அந்த மைனஸைப் பார்த்துக் கடன் பாக்கி என்றுதான் நினைத்தேன். யாங்கீஸ் மைனஸ் 150 என்றால், ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கப்படும் அணி அது. 100 டாலர் லாபம் பார்க்க 150 கட்ட வேண்டும். எதிரணி ப்ளஸ் 130 என்றால், 100 கட்டினால் 130 லாபம். ஜெயித்தால் கட்டிய பணமும் திரும்பி வரும். எத்தனை ரன் வித்தியாசம் என்பதெல்லாம் இதில் கிடையாது.

இந்த விலைக்குள்ளேயே ஜெயிக்கும் வாய்ப்பும் ஒளிந்திருக்கிறது: கட்டும் பணத்தை, ஜெயித்தால் கைக்கு வரும் மொத்தப் பணத்தால் வகுக்க வேண்டும். 150-ஐ 250-ஆல் வகுத்தால் 60 சதவீதம். 100-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 43.5. கூட்டிப் பாருங்கள், 103.5 வரும். நூறுக்கு மேலே நிற்கிற அந்த மூன்றரையில்தான் பந்தயம் நடத்தும் கடைக்காரர் பிழைப்பு ஓடுகிறது.

உங்கள் மகன் பத்துத் தடவையும் மைனஸ் 150 அணியின் மேலேயே 150 டாலர் கட்டியிருந்தால், ஆறு வெற்றிக்கு 600 வரவு, நாலு தோல்விக்கு 600 செலவு. ஆக, பூஜ்யம்! அதே ஆறு வெற்றி ப்ளஸ் 130-இல் 100 டாலர் வீதம் கட்டி வந்திருந்தால் 380 டாலர் லாபம். எத்தனை ஜெயித்தான் என்பதை விட, எந்த விலையில் ஜெயித்தான் என்று கேளுங்கள்.

ப்ளஸ் எவ்வளவு தூரம் போகும் என்கிறீர்களா? 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் குத்துச்சண்டையில் மைக் டைசனோடு மோதிய பஸ்டர் டக்ளஸுக்கு லாஸ் வேகாஸின் மிராஜ் சூதாட்ட விடுதி கொடுத்த பந்தய விலை 42-க்கு 1. இந்தக் கணக்கில் ப்ளஸ் 4200. பத்தாவது ரவுண்டில் டைசன் தரையில் கிடந்தார்.

அப்புறம் யூனிட். பந்தயத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்கு. 1,000 டாலர் ஒதுக்கினால் 10 டாலர். தோற்றாலும் ஜெயித்தாலும் அந்தத் தொகை அப்படியே நிற்க வேண்டும். அக்கா மகனும் "ஒரு யூனிட்தான் மாமா" என்றுதான் சொன்னான். எத்தனை டாலர்டா என்றேன். "சனிக்கிழமை இருபது, ஞாயிறு தோத்ததால திங்கக்கிழமை நூறு" என்றான்.