பேப்பரை எட்டாக வெட்டுங்கள்: நாற்பதுக்கு மேல் வரைகிறவர்களுக்குக் கேள்வி பதில்

போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் துடைத்தெடுத்த பிறகு, திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் போட்டுத்தான் குடும்பம் நடந்தது. எனக்கென்று வாட்டர்கலரை எடுத்து உட்கார்ந்தது நாற்பத்தைந்துக்கு மேல். வந்த கேள்விகளில் வயசையும் காசையும் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பல்லடம், தறி ஓட்டுபவர், வயது 47: அண்ணா, பள்ளிக்கூடத்தில் நன்றாக வரைவேன். அப்புறம் தறி, கல்யாணம், குழந்தைகள் என்று விட்டுப்போச்சு. இனிமேல் ஆரம்பித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

தம்பி, இந்த இடத்தில் ஹென்றி ரூசோ கதையைச் சொல்வது வழக்கம். பாரிஸில் சுங்கவரி வசூலிக்கும் வேலையில் இருந்தவர், 1893இல் 49 வயதில் அதை விட்டுவிட்டு முழுநேரமும் வரைந்தார், இன்றைக்குப் பெரிய மியூசியங்களில் அவர் படங்கள் தொங்குகின்றன. மறுபாதியை யாரும் சொல்வதில்லை. ஓய்வூதியம் பத்தாமல் வயலின் சொல்லிக்கொடுத்தார், 1910இல் சாகும்போதும் கையில் காசில்லை. அதனால் அவரைக் காட்டி உங்களைத் தேற்ற மாட்டேன். பேரும் புகழும் வருகிற வாய்ப்பு சொற்பம். அதை முதல் நாளே ஒத்துக்கொண்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

ஆனால் கை திரும்பி வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஓடுகிற தறியில் அறுந்த இழையைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கிறவர் நீங்கள். ஸ்கெட்ச் போட அந்தக் கண்தான் வேண்டும். காலேஜில் படித்துவிட்டு வருகிற பையன்களுக்கு அது வருவதற்கே வருஷக்கணக்கில் ஆகிறது.

கோபிசெட்டிபாளையம், ஆசிரியை, வயது 51: அண்ணா, தூரத்தில் இருக்கும் மரத்தைப் பார்த்தால் பேப்பர் மங்கலாகிறது, பேப்பரைப் பார்த்தால் மரம் மங்கலாகிறது. நீலம் போட்டால் மகள் "ரொம்பத் தூக்கலா இருக்கும்மா" என்கிறாள். எனக்கு அப்படித் தெரியவே இல்லை.

அம்மிணி, இரண்டும் வேறு வேறு சங்கதி.

முதலாவது வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் விறைத்துப்போவதால் கிட்டத்துப் பார்வை தடுமாறுகிறது. நாம் போடும் படிக்கிற கண்ணாடி புத்தகத் தூரத்துக்கானது, ஓர் அடிக்குக் கொஞ்சம் கூட. படம் வரையும்போது பலகை அதைவிடத் தள்ளி, ஒன்றரை இரண்டு அடியில் இருக்கும். வீட்டில் பலகையை வைத்து உட்கார்ந்து, கண்ணிலிருந்து பேப்பர் வரைக்கும் டேப்பால் அளந்து, அந்த அளவைக் கண்ணாடிக் கடையில் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கென்றே சாதா பிரேமில் ஒன்று போட்டுக்கொள்ளலாம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில் வருகிற புரோகிரஸிவ் கண்ணாடியோடு வரையாதீர்கள். கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பதற்குத் தலையை அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏற லென்ஸ் மஞ்சளாகிறது, நீலத்தை வடிகட்டிவிடுகிறது. நமக்குக் குறைச்சலாகத் தெரிவதால் மேலும் மேலும் போடுகிறோம். பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1912இல் கண்புரை என்று சொன்னார்கள். பயந்துகொண்டே தள்ளிப்போட்டு 1923இல்தான் வலது கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டார். நடுவில் வரைந்தவை செம்பழுப்பாகவும் மங்கலாகவும் போயின. டியூபில் ஒட்டிய பேரைப் படித்தும், தட்டில் நிறங்களை ஒரே வரிசையில் வைத்தும் சமாளித்தார். இந்த வழி நமக்கும் உதவும். ஆனால் முதலில் கோயம்புத்தூர் போய்ப் புரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அரவிந்த், சங்கரா இரண்டும் அங்கேதானே இருக்கின்றன. பள்ளிக்கூட லீவு வரட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்.

அப்புறம், ராத்திரி டியூப்லைட்டில் நிறம் முடிவு செய்யாதீர்கள். கோடு போடுங்கள், நிழல் போடுங்கள். நிறத்தைக் காலையில் ஜன்னலோரம் பார்த்துக்கொள்ளலாம்.

ஈரோடு, மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுபவர், வயது 44: மாசம் 500 ரூபாய்க்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது. எதை வாங்க, எதை விட?

தாராளமாகப் போதும். பெட்டியை விட்டுவிடுங்கள். இருபத்துநாலு கலர் பெட்டியில் பாதி ரோஸும் ஊதாவும் வெயில் பட்டால் வெளுத்துப்போகும் சரக்கு. சந்தேகமிருந்தால் ஒரு துண்டுப் பேப்பரில் கலரைப் பட்டையாக இழுத்து, பாதியை அட்டையால் மூடி, மேற்கு ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவைத்துப் பாருங்கள்.

மூன்றே டியூப்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர். மூன்றும் வெளுக்காதவை, பெரும்பாலான கம்பெனிகளில் விலை குறைந்த வரிசையிலேயே கிடைப்பவை. நீலத்தையும் சியன்னாவையும் கலந்தால் வரும் சாம்பல் இருக்கிறதே, அதுதான் காங்கேயம் காளை. நீலம் தூக்கலாகப் போட்டால் திமிலும் கழுத்தும், தண்ணீர் விட்டு இளக்கினால் விலா. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், அதற்குச் சியன்னா தனியாகவே போதும். நீலத்தோடு ஓக்கர் கலந்தால் பளிச்சென்ற பச்சை வராது, ஒரு மங்கின பச்சை வரும். நம் கொறங்காட்டில், அதாவது மாடு மேய்கிற காட்டில், கிளுவை வேலிக்கும் வெள்வேல மரத்துக்கும் அந்தப் பச்சைதான் பொருந்தும். ஊட்டிப் பச்சை வேண்டுமென்றால் இந்த மூன்றும் ஆகாது. நாம் மேட்டாங்காட்டுக்காரர்கள், நமக்கு எதற்கு அது.

பிரஷ் ஒன்று, எட்டாம் நம்பர் உருண்டை, நனைத்தால் முனை கூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் தண்ணீர் தராவிட்டால் வேறு கடை. மிச்சக் காசெல்லாம் பேப்பருக்கு. கஞ்சத்தனம் பண்ணவே கூடாத இடம் அதுதான். 300 ஜிஎஸ்எம் கனத்தில், காட்டன் பேப்பர், 22க்கு 30 இஞ்ச் முழு ஷீட்டாக வாங்கி எட்டாக்குங்கள். ஒவ்வொன்றும் 7.5க்கு 11 வரும். கத்தி போடாமல் மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து, திருப்பி மடித்து மறுபடி தேய்த்து, மேஜை விளிம்பில் வைத்து மெல்லக் கிழித்தால் ஓரம் பஞ்சு பஞ்சாக அழகாக நிற்கும். சின்ன அளவு என்று குறைப்பட வேண்டாம். ஆபீஸ் விட்டு வந்து ஒரே உட்காரலில் முடிகிற அளவு அது. முழு ஷீட்டில் ஆரம்பித்த படம் தீபாவளி வரைக்கும் கட்டிலுக்கடியில் கிடக்கும்.

துடைக்கத் துணி வாங்கவே வாங்காதீர்கள். திருப்பூர்ப் பக்கம் யாரையாவது தெரியும்தானே, பனியன் வேஸ்ட் ஒரு பை கேளுங்கள்.

சோமனூர், வயது 53: தறியிலிருந்து காடா துணி எடுத்துக் கேன்வாஸாக்கலாமா?

ஆக்கலாம், நல்ல கனமான ரகமாகப் பாருங்கள். பாவில் கஞ்சி இருக்கும், வெந்நீரில் ஊறவைத்து அலசி முழுக்க எடுத்துவிட வேண்டும். அப்போதே துணி சுருங்கியும் விடும். காய்ந்ததும் சட்டத்தில் இழுத்து அடித்து அக்ரிலிக் பிரைமர் இரண்டு கோட். ஆயில் கலரை வெறும் துணியில் மட்டும் போடாதீர்கள், ஆளி எண்ணெய் பருத்தி இழையை நாளாவட்டத்தில் அரித்துவிடும்.

திருப்பூர், எக்ஸ்போர்ட் கம்பெனி சூப்பர்வைசர், வயது 49: சம்பளம் 22,000. வீட்டுக் கடன் இன்னும் ஓடுகிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரம் வரைந்தால்தான் உருப்படும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. வயசு போய்க்கொண்டே இருக்கிறதே அண்ணா?

விடாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். படம் ஒன்று 4,000க்கு விற்றது என்று வையுங்கள். கேலரிக்கு மூன்றில் ஒரு பங்கு, 1,333. பாதி எடுக்கிற இடமும் உண்டு. பிரேமும் கண்ணாடியும் 900 என்று வைத்தால் உங்கள் கையில் 1,767. இப்போதைய சம்பளத்துக்கு ஈடாக மாசம் பதின்மூன்று படம் விற்க வேண்டும். வரைந்தால் போதாது, விற்க வேண்டும். பனியன் கம்பெனி ஆளுக்கு ஆர்டர் என்றால் என்னவென்று நான் சொல்லித்தரத் தேவையில்லை.

கடனோடு வரைகிறவன் பார்ட்டிக்குப் பிடித்ததைத்தான் வரைவான். போர்டு எழுதின காலத்தில் நான் செய்ததும் அதுதான், அதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லையே. உங்கள் சம்பளத்தை உங்கள் படத்துக்குக் கிடைக்கும் மானியம் என்று நினையுங்கள். பிடிக்காத படத்தை வரையாமல் இருக்கும் உரிமை அதில்தான் வருகிறது. வயசு போவது நிஜம். அதற்குப் பதில் ராஜினாமா இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணங்களில் பாதிக்கு மொய்யைக் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டில் இருப்பது. சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், நம்மூரில் அது சின்ன விலை இல்லை என்பதும் தெரியும்.

பொள்ளாச்சி, வயது 58: விரல் மூட்டு வலி. மெல்லிய பிரஷைப் பிடிக்கவே முடியவில்லை.

டாக்டரிடம் காட்டியாச்சு என்று வைத்துக்கொள்கிறேன். பிரஷ் காம்பில் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றுங்கள். தடிமனாகப் பிடித்தால் விரல் அவ்வளவு இறுக்காது. மேஜையில் குனிந்து வரையாமல் பலகையைச் சாய்த்து நிறுத்தித் தோளிலிருந்து கையை வீசி வரையுங்கள். நுணுக்கம் குறையும், குறையட்டும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு, சாயம் பூசிய பேப்பரைச் சக்கர நாற்காலியிலும் கட்டிலிலும் இருந்தபடி கத்தரிக்கோலால் வெட்டியே படம் செய்தார். அந்த வருஷங்களின் வேலைதான் எனக்கு அவருடையதில் ஆகப் பிடித்தது.

கோவை, வயது 42: போனில் இருபது வயசுப் பிள்ளைகள் வரைவதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

எனக்கும்தான். போனை அடுத்த ரூமில் வைத்துவிட்டு வரையுங்கள்.

அவிநாசி, வயது 50: வெளியில் போய் வரைய எங்கே போகலாம்? ஆடி மாசம் போனேன், பேப்பர் பறந்துவிட்டது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அது. ஆனி, ஆடியில் திறந்தவெளியில் கலர் பூசினால் பேப்பரில் பரவுவதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும். அந்த இரண்டு மாசமும் பென்சிலோடு பேரூர் கோயிலுக்குப் போங்கள். கனகசபைத் தூண்களில் ஊர்த்துவ தாண்டவரும் யானை உரி போர்த்தவரும் இருக்கிறார்கள். ஒரு தூணுக்கு ஒரு வாரம் கூடப் பத்தாது. சிலை அசையாது, டிக்கெட் கேட்காது. மூலையாக உட்கார்ந்துகொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை, அங்கே மாடு அசைந்துகொண்டே இருக்கும், கை வேகமாகும்.

தாராபுரம், ஓய்வுபெற்றவர், வயது 66: பீரோ நிறையப் படங்கள் சேர்ந்துவிட்டன. நான் போன பிறகு பிள்ளைகள் பழைய பேப்பர் கடைக்குத்தான் போடுவார்கள். அதை நினைத்தால் வரையவே ஓடவில்லை.

ஐயா, போடத்தான் செய்வார்கள். எல்லாவற்றையும் காப்பாற்றச் சொல்வதும் அவர்களுக்குப் பாரம்தானே. நீங்களே கழித்துவிடுங்கள். வருஷம் ஒரு தரம், தைப்பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது, எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பி, பாதிக்கு மேல் கிழித்துப் போடுங்கள். கிழித்ததன் பின்பக்கம் கலர் கலந்து பார்க்க ஆகும். பிடித்ததைக் கேட்டவர்களுக்கு இப்போதே கொடுத்துவிடுங்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதை நீங்களே போய்ப் பார்த்துக் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

மிஞ்சியதை மூட்டை கட்டாமல் படுக்கையாக அட்டைப்பெட்டியில் வையுங்கள், படத்துக்கு நடுவே ஒரு வெள்ளைத்தாள். நியூஸ்பேப்பர் வேண்டாம், அதன் அமிலம் படத்தையும் பழுப்பாக்கிவிடும். பூச்சி வராமல் மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் நிழலில் ஆறப்போடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஊர், தேதி, பேர் மூன்றையும் பென்சிலில் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.