பூங்காவில் நிற்கிற மஞ்சள் பழ மரம்: கையெழுத்து வைக்க முன் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள்

தம்பி, படத்தோடு போட்ட உங்கள் பதிவில், மகள் வாயில் போட்ட பழத்தால் உதடு இரண்டும் ஒட்டிப்போய் அழுதாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியே எனக்குப் போதும். வவுனியாவில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், ஊஞ்சலுக்குப் பின்னால் நின்று மஞ்சள் பழம் கொட்டுகிற அந்தப் பெரிய மரம் பாலை. நஞ்சு இல்லை. எங்கள் காட்டில் அதைவிட இனிப்பான பழம் நான் தின்றதில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் பெற்றோர் எல்லாரும் சேர்ந்து மரத்தைத் தறிக்கச் சொல்லிக் கடிதம் எழுதுகிறார்கள், நானும் கையெழுத்து வைப்பதா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதிவுக்குக் கீழே பதில் எழுதிய ஒருவர் "எட்டியாக இருக்கும், உடனே வெட்டுங்கள்" என்கிறார். இன்னொருவர் "பாலை என்றாலே பால்மரம், வாயில் வைக்கக் கூடாது" என்கிறார். இரண்டையும் வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் தாவரவியல் படித்தவள் இல்லை. மாங்குளத்துக்கு மேற்கே பிறந்து, காட்டோரம் வளர்ந்து, பதினொரு வருடம் முன்பள்ளியில் படிப்பித்தவள். படத்தை மட்டும் பார்த்துப் பிள்ளைக்குப் பழம் கொடுக்கச் சொல்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் சொல்கிறபடி மரத்தடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பழத்தை விடுங்கள், இலையைப் பாருங்கள். பாலை இலை தடிப்பு. மேற்பக்கம் கரும்பச்சையாய் மினுங்கும், கீழ்ப்பக்கம் வெளிறியிருக்கும். கொப்பு நுனியில் கொத்தாக நிற்கும். இலையின் நுனி கூராக இராது, நகத்தால் கிள்ளி எடுத்தது போல நடுவில் சின்னதாய் உள்ளே போயிருக்கும். ஒன்றைக் காம்போடு பிடுங்குங்கள், வெள்ளைப் பால் வரும். பிறகு அடிமரத்தைத் தடவுங்கள். கறுத்து, நெடுக வெடித்து, முதலைத் தோல் மாதிரிக் கரடுமுரடாய் இருக்கும். பழத்தைப் பிதுக்கினால் பெரும்பாலும் ஒரு கொட்டைதான், எண்ணெய் பூசித் துடைத்த புளியங்கொட்டை போல மண்ணிறமாய்ப் பளபளக்கும்.

தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு வேப்பம்பழமும் இதே அளவு, இதே மஞ்சள். ஆனால் வேப்பிலை தெரியாத தமிழன் இருக்கமாட்டான். வீரைப்பழம் சிவப்பு, அதில் இந்தப் பால் இல்லை. எட்டியை நாங்கள் காஞ்சூரை என்போம். அதன் பழம் தோடம்பழம் மாதிரி உருண்டை, ஓடு கடினம், உள்ளே சட்டைப் பொத்தான் போலத் தட்டையான சாம்பல் நிற விதைகள். இலையின் அடியிலிருந்தே மூன்று முதல் ஐந்து நரம்புகள் நெடுக ஓடும். உங்கள் படத்தில் இருக்கிற பழம் மகளின் விரல் நுனியளவு. அதைக் காஞ்சூரை என்று சொல்கிறவர் காஞ்சூரையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். "குரங்கு திண்டா மனிசரும் திண்ணலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காஞ்சூரைப் பழத்தின் சதையைக் குரங்கும் குருவியும் தின்னும். ஸ்ட்ரிக்னின் நஞ்சு நிறைந்திருப்பது விதையில். குரங்கைப் பார்த்து ஒரு பிள்ளை அந்த விதையைக் கடித்தால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயம். தெரியாத காய் எதையாவது பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மிச்சப் பழத்தையும் ஒரு இலைக் கொப்பையும் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பாலை வாயில் வைக்கக் கூடாதது என்று எழுதியவர் தமிழ்நாட்டுக்காரர் என்று நினைக்கிறேன். அவரில் குற்றம் இல்லை. அங்கே பாலை என்றால் வெட்பாலை, ஏழிலைப்பாலை என்று வேறு மரங்கள். அவை இப்படிப் பழம் பழுப்பதில்லை, நீள நீளக் காய் வெடித்துப் பஞ்சு விதை பறக்கும். எங்கள் பாலையை அங்கே உலக்கைப்பாலை என்பார்களாம். சிங்களத்தில் பலு. புத்தகத்தில் மனில்காரா ஹெக்ஸாண்ட்ரா. இலுப்பையும் சப்போட்டாவும் இதற்குச் சொந்தக்காரர், அதனால்தான் எதைக் கிள்ளினாலும் பால். இந்தியாவில் சப்போட்டா ஒட்டுக் கட்டுவதற்கு இந்த மரத்தின் கன்றைத்தான் அடிக்கட்டையாக எடுப்பார்கள். நஞ்சு மரத்தில் யாராவது பழமரம் ஒட்டுவார்களா?

இனி ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று சொல்கிறேன்.

1996 இல் சண்டையால் கிளிநொச்சியை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வவுனிக்குளம் பக்கம் காட்டோரம் கொட்டில் போட்டு இருந்தோம். அடுத்த வருடம் வைகாசியில் ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியது. வன்னிக்குப் பொருளாதாரத் தடை ஏற்கெனவே இருந்தது, அதற்குப் பிறகு சீனி என்பது கேள்விப்படுகிற சாமானாகிவிட்டது. அந்த வருடம் பாலை நன்றாகப் பழுத்தது.

அம்மம்மா விடிய முதலே எங்களை எழுப்புவார். "வெயில் ஏற முதல் போவம், கரடிக்கும் இது காலம்" என்பார். அது உண்மை, வில்பத்துக் காட்டில் பாலை பழுக்கிற மாதங்களில் கரடி மரத்தில் ஏறி இருப்பதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். நாங்கள் சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டே போவோம். மரத்தடியில் உரபாக்கை விரித்துவிட்டு மாமா கொப்பை உலுப்புவார். மழை மாதிரி விழும். அதில் முழுக்கப் பழுத்ததை மட்டும் அம்மம்மா பொறுக்குவார். அரைப்பழத்தில்தான் பால் கூட.

கொட்டிலுக்கு வந்ததும் அலுமினியச் சட்டியில் இரண்டு தண்ணியில் அலசுவார். மேலே பால் வெள்ளையாய் மிதக்கும், அதை வழித்து ஊற்றுவார். பிறகு கையால் பிசைந்து, தாத்தாவின் பழைய வேட்டித் துண்டில் பிழிந்து, மண்சட்டியில் மூன்று கல்லுக்கு மேல் வைத்து விறகைக் குறைத்துக் காய்ச்சுவார். மத்தியானம் கடந்துவிடும். மஞ்சளாய் இருந்த சாறு மெல்ல மெல்லச் சிவந்து, பிறகு கருப்பட்டி நிறத்துக்கு வரும். அகப்பையைத் தூக்கினால் சொட்டாக விழாமல் நூலாக இறங்க வேண்டும். அதுதான் பாலைப்பாணி. தேத்தண்ணிக்குச் சீனி இல்லாத வீட்டில் ஆளுக்கொரு சொட்டு உள்ளங்கையில் வைப்பார். நக்கி நக்கித் தேத்தண்ணி குடிப்போம். என் தம்பிக்கு அப்போது நாலு வயது. அவன் கையை நக்கி முடித்துவிட்டு அம்மம்மாவின் அகப்பையைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

மாந்தை கிழக்கில் பாலைப்பாணி என்றே ஒரு ஊர் இருக்கிறது. வவுனியா வடக்கில் காஞ்சூரமோட்டையும் இருக்கிறது. தின்கிற மரத்தையும் தின்னக் கூடாத மரத்தையும் ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கிற சனம் நாங்கள். "வன்னியான் காட்டுப்பழம் திண்டு வளந்தவன்" என்று பள்ளிக்கூடத்தில் எங்களை நக்கலடித்தவர்கள் இருக்கிறார்கள். ஓம், தின்றுதான் வளர்ந்தோம். அந்த வருடம் தின்ன அது இருந்தது.

உதடு ஒட்டினால் செய்ய வேண்டியதும் அம்மம்மா காட்டியதுதான். தண்ணீர் போட்டுத் தேய்த்தால் இன்னும் இறுகும். நல்லெண்ணெய்ப் போத்தலின் மூடியில் ஒரு துளி எடுத்து விரலால் உதட்டில் பூசுவார், பால் உருண்டு திரண்டு கையோடு வந்துவிடும். தேங்காய் எண்ணெயும் சரி.

இப்போது என்னை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

2017 இல் நான் படிப்பித்த முன்பள்ளி வளவில் ஒரு பாலை நின்றது. எவ்வளவு வயது என்று யாருக்கும் தெரியாது. பாலை வளர்வது அவ்வளவு மெதுவாய். ஷெல் பட்ட காயத்தில் தோல் மூடி வளர்ந்திருந்தது. சண்டையில் சனம் இடம்பெயர்ந்து போய், மெனிக்பாம் அகதி முகாமில் இருந்து, திரும்பி வந்தபோது வீடு ஒன்றும் இருக்கவில்லை, அது மட்டும் நின்றது. ஆடி மாதம் ஒரு பிள்ளை பழம் தின்று, உங்கள் மகளைப் போலவே உதடு ஒட்டி அழுதது. தாய் வெளியூரில் வளர்ந்தவர், பாவம், பயந்துவிட்டார். நான் எண்ணெய் எடுத்து வருவதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கே ஒன்றும் இல்லை என்று துடைத்து அனுப்பினார்கள்.

ஆனால் அடுத்த கிழமை கூட்டம் வைத்தார்கள். ஒருவர் நஞ்சு மரம் என்றார். ஒருவர் காட்டு மரம், பாம்பு வரும் என்றார். முன்வரிசையில் இருந்த ஒருவர் மரத்தின் நீளத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாலை வைரக் கட்டை தண்ணீரில் தாழும், கறையான் சீக்கிரம் தொடாது, அதன் விலை என்ன என்று வன்னியில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அது பாலை என்றும் தெரியும், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றும் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். முன்பள்ளி ஆசிரியைகளுக்கு மாதம் தருகிற காசைச் சம்பளம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொடுப்பனவு என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று, பிள்ளைக்கு மூக்குத் துடைத்து, சாப்பாடு கொடுத்து, கூட்டி, கழுவி, மாதக் கடைசியில் கைக்கு வருவது கடைக் கடன் கொப்பியைக் கூட அடைக்காது. அதையும் சில மாதம் பிந்தித் தருவார்கள். நிரந்தர நியமனம் வருகிறது வருகிறது என்று எத்தனை தேர்தல் போய்விட்டது. அந்தக் காசுக்கும் நான் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் இரண்டு பேரின் கையெழுத்தில் தங்கியிருந்தேன். இது உங்கள் மரத்தோடு சம்பந்தப்பட்ட கதை இல்லை என்று தெரியும். ஆனால் ஒரு ரீச்சர் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மெஷின் வாள் கொண்டுவந்து அரை நாளில் விழுத்தினார்கள். உள்ளே இரத்தச் சிவப்பு. வெட்டின இடத்தில் பால் கசிந்து, மாலைக்குள் காய்ந்து மணிமணியாய் நின்றது. குற்றியை எங்கே ஏற்றிப் போனார்கள் என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் பிள்ளைகள் வந்து அடிக்கட்டையைச் சுற்றி நின்று பழம் தேடினார்கள். ஒரு பெட்டைப்பிள்ளை "ரீச்சர், மரம் நாளைக்கு வருமா?" என்று கேட்டாள். பிறகு நிழலுக்கென்று தகரக் கொட்டகை போட்டார்கள். பதினொரு மணிக்கு மேல் அதற்குக் கீழே நிற்க ஏலாது.

அதனால் தம்பி, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். நாளைக்கே விடிய, கூட்டுகிற ஆட்கள் பழத்தை அள்ளிப் போக முதல், மரத்தடிக்குப் போங்கள். இலையைக் கிள்ளிப் பால் வருகிறதா என்று பாருங்கள், நுனியின் வெட்டைப் பாருங்கள், கொட்டையை உடையுங்கள். வயதான ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஓமந்தை, நெடுங்கேணிப் பக்கத்து ஆளாக இருந்தால் நல்லது. தொடக் கூடாது என்று மகளிடம் சொன்னதாக நீங்கள் எழுதிய பூங்காக் காவலாளியிடமும் எந்த ஊர் என்று கேளுங்கள். ஒருவேளை அவருக்கும் தெரிந்திருக்கும், வேலைக்குப் பயந்து சொல்லாமல் இருக்கக் கூடும். நிச்சயமான பிறகு, நன்றாகப் பழுத்ததில் ஐந்தாறை அலசி, முதலில் நீங்கள் தின்று, பிறகு மகளுக்குக் கொடுங்கள். சின்னப் பிள்ளைக்குக் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், தொண்டையில் சிக்கும்.

மற்றப் பெற்றோரையும் அங்கேயே வரச் சொல்லுங்கள். கடதாசியில் எழுதி விளங்கப்படுத்த வேண்டாம், ஒரு பழத்தைக் கையில் கொடுங்கள். எண்ணெய்ப் போத்தல் ஒன்றும் கொண்டு போங்கள். அப்படியும் உதடு ஒட்டுவது தொல்லை என்றால் பழக் காலத்தில் மட்டும் ஊஞ்சலை நாலு யார் தூரம் தள்ளிப் போடலாம், அதற்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அதில் கையெழுத்து வையுங்கள்.

பிந்த வேண்டாம். ஆவணி பிறந்தால் பழம் முடிந்துவிடும். பிறகு கூட்டத்தில் எழுந்து நின்று சொல்வதற்கு உங்கள் கையில் இலை மட்டும்தான் இருக்கும்.