போதைநோய் ஆய்வும் துணிந்து தரும் பணமும்: கேள்வி பதில்

மது, போதைப்பொருள் அடிமைநோய் குறித்த புதுவகை ஆய்வுகளுக்கு நிதி அளிப்பது பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, ஓய்வுபெற்ற மருந்தியல் பேராசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

பள்ளத்தூர் வணிகர்: பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன எங்கள் பாட்டனார்கூட, திரும்பி வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் முதல் போட்டார். தோற்கக்கூடும் என்று தெரிந்தே ஓர் ஆய்வுக்குப் பணம் தருவது முறையா?

முறைதான் ஐயா. உங்கள் பாட்டனாரும் முதல் முழுவதையும் ஒரே இடத்தில் போட்டிருக்க மாட்டார். வழக்கமான நிதிக்குழுக்கள் விண்ணப்பத்தோடு முன்னோட்ட முடிவுகளையும் எதிர்பார்க்கின்றன. அதனால் பாதி விடை தெரிந்த கேள்விக்கே பணம் எளிதில் கிடைக்கிறது. போதைநோயிலோ விடை தெரியாதவையே மிகுதி. குடிநோய்க்கு டைசல்ஃபிராம் 1951இலும் நால்ட்ரெக்ஸோன் 1994இலும், அபின் வகைப் போதைக்குப் புப்ரெனார்ஃபின் 2002இலும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆனால் கொக்கெய்ன், மெத்தாம்ஃபெட்டமின் ஆகிய போதைப்பொருள்களின் அடிமைநோய்க்கு அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. விடை தெரியாத இத்தகைய கேள்விகளுக்கும் இடம்தர, மருத்துவ ஆய்வின் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக, அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் 2004இல் 'முன்னோடி விருது' என்ற நிதியைத் தொடங்கின. முன்னோட்ட முடிவு கேட்காமல், ஆய்வாளரின் திறமையையும் கருத்தின் புதுமையையும் பார்த்து ஐந்தாண்டுகளுக்குப் பணம் தருவது அதன் முறை. அந்தச் சுகாதார நிறுவனங்களுள் ஒன்றான போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2008இல், எச்.ஐ.வி.யும் போதைப்பழக்கமும் சேரும் துறைக்கு அதே போக்கில் தனி விருதை ஏற்படுத்தியது.

தேவகோட்டை ஆசிரியை: அப்படித் தோற்ற ஆய்வு ஒன்றைச் சொல்லுங்கள்.

கொக்கெய்ன் தடுப்பூசியைச் சொல்லலாம் அம்மா. கொக்கெய்ன் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் உடலின் எதிர்ப்பு மண்டலம் அதைக் கண்டுகொள்வதில்லை. எனவே அதைக் காலரா நச்சின் ஒரு புரதத்தோடு பிணைத்து ஊசியாகப் போட்டார்கள். உருவாகும் எதிர்ப்பொருள்கள் போதையை இரத்தத்திலேயே பிடித்துக்கொண்டால் அது மூளையை எட்டாது என்பது எதிர்பார்ப்பு. 2009இல் வெளியான முடிவில், ஊசி போட்டவர்களில் 38 விழுக்காட்டினருக்கே போதிய எதிர்ப்பொருள் உண்டானது. அவர்களிடம் பயன்பாடு குறைந்தது. பின்னர்ப் பல மையங்களில் நடந்த பெரிய சோதனை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆயினும் அந்த வழிமுறை வீணாகவில்லை. இன்று ஃபென்டனில் என்னும் கடும் அபின் வகைப் போதைப்பொருளுக்குத் தடுப்பூசி காண முயல்வோர் அதே பிணைப்பு முறையில்தான் உழைக்கிறார்கள். தோல்வியை மறைக்காமல் வெளியிட்டதால்தான் இது இயன்றது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

புதுவயல் வாசகர்: திருந்த மனமில்லாதவர்களுக்கு எதற்கு இவ்வளவு செலவு?

இது மூளையின் இயக்கத்தையே மாற்றிவிடும் நோய். சர்க்கரை நோயாளியிடம் இக்கேள்வியை நாம் கேட்பதில்லை.

காரைக்குடி மாணவர்: நம் நாட்டில் இத்தகைய நிதி உண்டா?

அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 'மிகு இடர், மிகு பலன்' என்றே ஒரு திட்டத்தை நடத்தியது, தம்பி. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் இடத்திற்கு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்துள்ளது. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பு, இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், அவர்களில் 5.7 கோடிக்கும் மேற்பட்டோருக்கு உதவி தேவைப்படுவதாகவும் கூறியது. இவ்வளவு பெரிய துயரத்துக்கு அத்தகைய நிதியில் தனிப் பங்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கானாடுகாத்தான் ஆச்சி: எங்கள் குடும்ப அறக்கட்டளை ஒரு மறுவாழ்வு மையத்துக்கு உணவு வழங்கி வருகிறது. ஆய்வுக்கும் தரலாமா?

தாராளமாகத் தரலாம் ஆச்சி. உணவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மின்வேதியியல் என்ற சொல்லே ஊரில் பலருக்குப் புதிதாக இருந்த காலத்தில், வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1953இல் காரைக்குடியில் அத்துறைக்கான ஆய்வகம் திறக்கப்பட்டது. புது மருந்துச் சோதனைக்கு ஒரு குடும்ப அறக்கட்டளையின் பணம் போதாது. ஆனால் இளம் ஆய்வாளர் ஒருவருக்கு இரண்டாண்டு உதவித்தொகை தர இயலும். சிகிச்சை முடித்துக் கிராமம் திரும்புவோர் மீண்டும் குடிக்காமலிருக்க எத்தகைய தொடர் கவனிப்பு உதவும் என்பதை அவர் ஆராயலாம். காலாண்டுதோறும் வெற்றிக் கணக்குக் கேட்காதீர்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும், சிகிச்சைச் சோதனையாக இருந்தால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்பதிவையும் கேளுங்கள். முடிவு எதுவாயினும் வெளியிடப்படும் என்று பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.