உள்ளே இழுக்கும் மூச்சு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

‘மற்ற ஊதுவாத்தியங்கள் மூச்சை விட்டால் பாடும், மவுத் ஆர்கன் மூச்சை இழுத்தாலும் பாடும்’ என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாகக் கேட்டு வருகிறேன். ஜாஸ் வாசித்த டூட்ஸ் தீலமான்ஸை உடனே பிடித்துவிட்டது. ஸ்டீவி வொண்டரையும் அப்படித்தான். ப்ளூஸ் வாசித்த லிட்டில் வால்டரிடம் போனதும் முட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். கரகரவென்று இரைச்சல். ஸ்வரங்கள் சுருதியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகின்றன. ஜாஸ்காரர்கள் வாத்தியத்தைக் கற்றுத் தேர்ந்தவர்கள், ப்ளூஸ்காரர்கள் வாய்க்கு வந்ததை ஊதுகிறவர்கள் என்று நண்பர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. நான் கேட்பதில்தான் கோளாறா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

காதில் கோளாறு இல்லை. இரண்டையும் ஒரே வாத்தியம் என்று நினைத்துக் கேட்கிறீர்கள், அதுதான் சிக்கல்.

டூட்ஸ் வாசித்தது குரோமாட்டிக் என்ற வகை மவுத் ஆர்கன், அதாவது ஹார்மோனிகா. பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஸ்வரம் அரை ஸ்தானம் ஏறும். வழக்கமாக 12 துளை, 48 ரீடு (மூச்சுப் பட்டால் அதிரும் சின்னத் தகடு). எல்லா ஸ்வரமும் கைவசம். ப்ளூஸ்காரர்கள் பெரும்பாலும் வாசிப்பது டயட்டானிக். 10 துளை, 20 ரீடு, பொத்தான் கிடையாது. ஒரே ஸ்கேலுக்காகச் செய்தது, அதிலும் கீழ் ஸ்தாயியில் இரண்டு ஸ்வரங்கள் அடியோடு இல்லை. ஜெர்மனியின் ட்ரோசிங்கனில் மத்தியாஸ் ஹோனர் 1857-இல் தொழில் தொடங்கிய காலத்தில், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடித்து நாட்டுப்புற மெட்டு வாசிக்க அது போதும்.

அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். மேற்கத்திய ஸ்வரப் பெயரில் ‘சி’ ஸ்கேலுக்கான ஒரு ஹார்மோனிகாவை ஊதினால் சி கார்டு வரும், கீழ்த் துளைகளை உறிஞ்சினால் ஜி கார்டு. இவர்கள் ஜி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டார்கள். பாட்டு புறப்படுவதும் வந்து சேர்வதும் உறிஞ்சும் மூச்சில் என்று ஆகிவிட்டது. கிராஸ் ஹார்ப் என்பது இதைத்தான்.

இனி மூன்றாம் துளைக்கு வாருங்கள். உறிஞ்சினால் பி. ஜி ஷட்ஜமானால் அது அந்தர காந்தாரம். உறிஞ்சுவதை நிறுத்தாமல், நாக்கின் பின்பகுதியை இறக்கி வாய்க்குள் இருக்கும் இடத்தை மாற்றினால், ஊதுவதற்கென்று அதே துளையில் வைத்திருக்கும் இன்னொரு ரீடும் சேர்ந்து அதிரத் தொடங்கும். ஸ்வரம் சரிந்து, அரை ஸ்தானம் கீழே உள்ள சாதாரண காந்தாரத்துக்கு இறங்கும், விட்டால் அதற்கும் கீழே போகும். ப்ளூஸ் பாடகர்கள் குடியிருப்பது இந்த இரண்டு காந்தாரங்களுக்கு நடுவில். நான்காம் துளையில் பஞ்சமத்துக்கு அரை ஸ்தானம் கீழே இருப்பதையும் இப்படித்தான் பிடிக்க வேண்டும். நீங்கள் வழுக்கல் என்று சொல்வது இதை. கமகம் கேட்டு வளர்ந்த காது இதற்கு மிரளக் கூடாது.

உங்கள் நண்பரின் தீர்ப்பைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நான் ஒரு டயட்டானிக் வாங்கி முதல் நாள் இரண்டாம் துளையை உறிஞ்சினேன். கர்ரென்று ஒரு செத்த சத்தம். ரீடு போய்விட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதையே வாங்கி, துடைத்துவிட்டு உறிஞ்சினார். மணி மாதிரி ஒலித்தது. “ரீடுல ஒண்ணுமில்ல, வாய்லதான்” என்றார். மூன்றாம் துளையில் சாதாரண காந்தாரத்தை நிறுத்த எனக்கு எத்தனையோ மாதம் பிடித்தது. இன்றைக்கும் அவசரமாகப் போனால் தப்பும்.

கரகரப்பு வேறு கதை. சிகாகோவின் கிளப்புகளில் எலெக்ட்ரிக் கிடாருக்கு முன்னால் இந்தச் சின்னப் பெட்டி எடுபடாது. லிட்டில் வால்டர் மைக்கையும் ஹார்மோனிகாவையும் சேர்த்தே உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு ஆம்ப்ளிஃபயரில் போட்டார். ஒலி வெளிக்காற்றைப் பார்க்கும் முன்பே மைக்குக்குள் போய்ப் பிதுங்கி வருகிறது. ஏதோ சாக்ஸபோன் போலத் தடிக்கிறது. 1952-இல் வந்த ‘ஜூக்’ அப்படிப்பட்டது. பாட்டே இல்லாத வாசிப்பு, அவருக்கு வயது 22. அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது.

அது இப்போதைக்கு ஒத்துவராவிட்டால் சானி டெர்ரியில் தொடங்குங்கள். ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பு இருக்காது. கண் தெரியாதவர். ஒரு சொற்றொடரை வாசித்து, அது முடியும் இடத்தில் வாத்தியத்தை விலக்கித் தொண்டையால் ஒரு கூவல் போடுவார். எது ரீடு, எது குரல் என்று பிரிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். டிஃபோர்ட் பெய்லி ஹார்மோனிகாவில் 1927-இல் பதிவு செய்த ரயிலையும் கேளுங்கள். ரயில் சத்தத்தை மிமிக்ரி செய்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். இரண்டாம் முறை தாளம் பிடிபடும்.

இதனால் டூட்ஸை இறக்கிவிடாதீர்கள். பொத்தான் இருந்தால் சுலபம் என்பது மாயை. குரோமாட்டிக்கிலும் அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கு மூச்சின் திசை மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஒட்டு வெளியே தெரியாமல் நீளமாக இழைப்பதில்தான் அவருடைய வித்தை. ஜாஸ் பியானோக் கலைஞர் ஜார்ஜ் ஷியரிங்கின் குழுவில் பல ஆண்டுகள் கிடார் வாசித்தவர், கார்டுகள் விரல்நுனியில். குரோமாட்டிக் வாசித்த லாரி ஆட்லருக்காக ஆங்கிலேய இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1951-இல் எழுதிய படைப்பை மரியாதையோடு கேட்பேன், திரும்பிப் போக மாட்டேன். அது என் குறை.

உங்கள் நண்பர் போட்ட கோட்டை அழித்தவர் ஹோவர்ட் லெவி. அதே பத்துத் துளை டயட்டானிக்கில், ஊதும்போது உறிஞ்சும் ரீடை ஒலிக்க வைத்து, விட்டுப்போன ஸ்வரங்களையும் எடுத்து ஜாஸ் வாசிக்கிறார். ஓவர்ப்ளோ என்று பெயர். சில சமயம் வித்தை இசையை முந்திக்கொள்கிறது என்பது என் அபிப்பிராயம், ஆனாலும் கேளுங்கள்.

‘ஜூக்’கை மறுபடி போடும்போது, அவர் எங்கே மூச்சை இழுக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். நண்பருக்கு ஒரு டயட்டானிக் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் துளை பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.